எக்செல் மேக்ரோ: புத்தகத்தில் பிழை என்று எழுதும் முன்

எக்செலில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்துமுடிக்கும் கட்டளைத் தொகுப்பு, எழுதும் மொழியான வி.பி.ஏ. பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்றுக்கு வரும் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அடுத்த பதிப்புக்காக அவற்றை மொத்தமாக எடுத்து மறுபடி படித்தேன். மேக்ரோ எழுதப் பழகிய காலத்தில் நான் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தேனோ, அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். ‘எண்ட் இஃப்’ விட்டுப்போவது, கட்டளைச் சொல்லின் ஸ்பெல்லிங் மாறுவது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவற்றைப் பெரும்பாலும் எடிட்டரே காட்டிக்கொடுத்துவிடும்.

‘ஒர்க் ஆகல’ என்று மட்டும் எழுதுவது

“நீங்க கொடுத்த கோட் ஒர்க் ஆகல சார்” என்று ஒரே வரியில் கடிதம் வந்தால் யாராலும் உதவ முடியாது. எரர் வரும்போது திரையில் ஒரு எண்ணும் வருகிறது. பாதி விடை அதில்தான் இருக்கிறது. 9 என்றால் பெரும்பாலும் நீங்கள் கேட்ட பெயரில் ஷீட்டோ, திறந்திருக்கும் ஃபைலோ இல்லை. 13 என்றால் எண் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. 91 வந்தால் ‘செட்’ போட மறந்திருப்பீர்கள், அல்லது ‘ஃபைண்ட்’ தேடியது கிடைத்திருக்காது. ‘டீபக்’ பட்டனை அழுத்தினால் ஓட்டம் நின்ற வரி மஞ்சளில் தெரியும். எரர் எண், அந்த மஞ்சள் வரி, எக்செல் எந்த ஆண்டுப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என நான்கையும் எழுதுங்கள்.

இப்படி எல்லா விவரத்தோடும் ஒரு வாசகி எழுதியிருந்தார். எரர் 9, ஷீட்டின் பெயர் ‘ஏப்ரல்’. ஃபைலைத் திறந்து பார்த்தால், கீழே உள்ள ஷீட் டேபில் ‘ஏப்ரல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். கண்ணுக்குத் தெரியாது, எக்செலுக்குத் தெரியும். ஒரே பதிலில் வேலை முடிந்தது.

ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை முறை எச்சரித்தாலும் போகாத வழக்கம் இது. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: “புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. மேலே ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் சேர்த்தேன், இப்போது அருமையாக ஓடுகிறது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுங்கள்.”

அந்த வரி எரரைச் சரிசெய்வதில்லை. எரர் வந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்கிறது, அவ்வளவுதான்.

அவருடைய ஃபைலை அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு பணியாளர் எண்ணையும் எடுத்து, முன்பணப் பட்டியலில் ‘ஒர்க்ஷீட்ஃபங்ஷன்.விலுக்அப்’ மூலம் தேடி, கிடைத்த தொகையை ஒரு வேரியபிளில் வைத்து, சம்பளத்தில் கழிக்கும் லூப் அது. 117-ஆம் எண்காரர் 4,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். 118 வாங்கவே இல்லை, அதனால் பட்டியலில் அவர் எண் இல்லை. அந்த இடத்தில் எரர் 1004 வந்து மேக்ரோ நின்றிருக்க வேண்டும். புத்தகத்துக் கோட் அப்படித்தான் நின்றது, அதைத்தான் அவர் பிழை என்று நினைத்தார். புது வரியைச் சேர்த்த பிறகு என்ன நடந்தது? தேடல் தோற்றதால் வேரியபிளுக்குப் புது மதிப்பு போகவில்லை. 117-இன் 4,000 அதிலேயே இருந்தது. 118-க்கும் 4,000 கழிந்தது. 119-உம் பட்டியலில் இல்லை, அவருக்கும் 4,000. மேக்ரோ எந்தச் செய்தியும் காட்டாமல் முடிந்தது. கூட்டுத்தொகையும் பார்க்க நம்பும்படியாகவே இருந்தது. வாங்காத கடனுக்கு ஒருவருடைய மாதச் சம்பளத்தில் கை வைப்பது சின்ன விஷயமா?

இன்னொன்று இதைவிட மோசம். ‘இஃப்’ வரியிலேயே எரர் வந்தால் நிபந்தனை பொய் என்று கருதி எக்செல் தாண்டிப் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அடுத்த வரி என்பது ‘இஃப்’பின் உள்ளே இருக்கும் முதல் வரி. செல்லில் ‘#என்/ஏ’ என்ற பிழை மதிப்பு இருந்து, அதை 0-வோடு ஒப்பிட்டால் எரர் 13 வரும். உடனே ஓட்டம் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே இருப்பது ரோவை அழிக்கும் கட்டளையாக இருந்தால், அந்த ரோ போயே போயிற்று.

இந்த வரிக்கு நியாயமான இடமும் உண்டு. ஒரு ஷீட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். வேரியபிளை முதலில் ‘நத்திங்’, அதாவது வெறுமை, ஆக்குங்கள். ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டு, ஷீட்டை எடுக்கும் ஒரே வரியை எழுதுங்கள். அடுத்த வரியே, எரர் வந்தால் நிற்கும் பழைய நிலைக்குத் திருப்பும் ‘ஆன் எரர் கோடூ 0’ ஆக இருக்கட்டும். பிறகு வேரியபிள் இன்னும் ‘நத்திங்’தானா என்று பாருங்கள். இடையில் வேறு வரி வேண்டாம். விலுக்அப் விஷயத்தில் அதுவும் தேவையில்லை. ‘அப்ளிகேஷன்.விலுக்அப்’ என்று எழுதி, விடையை எந்த மதிப்பையும் ஏற்கும் ‘வேரியன்ட்’ வகை வேரியபிளில் வாங்கினால் மேக்ரோ நிற்காது. கிடைக்காத எண்ணுக்குப் பிழை மதிப்பே விடையாக வரும். ‘இஸ்எரர்’ கொண்டு அதைப் பிடித்து, முன்பணம் 0 என்று வையுங்கள்.

அடுத்தவர் எழுதிய மேக்ரோ கைக்கு வந்தால், எடிட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் போய் ‘பிரேக் ஆன் ஆல் எரர்ஸ்’ தேர்ந்தெடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். மூடி மறைத்த எரர் ஒவ்வொன்றிலும் நிற்கும். அந்தச் சம்பள ஃபைல் 118-இல் முதன்முறை நின்றது. மற்ற இடங்களைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் என் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்டிஜர்

‘இன்டிஜர்’ என்ற முழு எண் வகை வேரியபிள் 32,767-க்கு மேல் தாங்காது. ரோ எண்ணுக்கு, பெரிய எண்களைத் தாங்கும் ‘லாங்’ போடுங்கள். எக்செல் 2007 முதல் ஒரு ஷீட்டில் 10,48,576 ரோ.

ரெக்கார்டர் எழுதிய ‘செலக்ட்’கள்

மேக்ரோ ரெக்கார்டர் ஒவ்வொரு செல்லையும் தேர்ந்தெடுக்க எழுதும் வரிகள் இவை. செல்லை நேரடியாகக் குறிப்பிட்டு எழுதி, இவற்றை நீக்குங்கள்.

அசல் ஃபைலில் ஓட்டிப் பார்ப்பது

மேக்ரோ ஷீட்டை மாற்றிவிட்டால் கன்ட்ரோல் இசட் காப்பாற்றாது. நகல் எடுத்து அதில் ஓட்டுங்கள்.

தேதியை எழுத்தாகச் செல்லுக்கு அனுப்புவது

ஏப்ரல் 3 என்று நினைத்து 03/04/2024 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதிச் செல்லில் போட்டால், உங்கள் விண்டோஸ் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருந்தாலும் வி.பி.ஏ. அமெரிக்க முறையில் படித்து மார்ச் 4 ஆக்கிவிடும். மாதத்தின் 12-ஆம் நாள் வரைக்கும்தான் இந்தக் குழப்பம் என்பதால், சில தேதிகள் சரி, சில தப்பு என்று வந்து ஆளைக் குழப்பும். ‘டேட்சீரியல்’ கொண்டு ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

மாதிரி ஃபைல் திறக்கவில்லை என்று எல்லா மேக்ரோவையும் அனுமதிப்பது

இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களில் மேக்ரோவைத் தடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2022-இல் வழக்கமாக்கியது. அதனால் புத்தகத்தின் மாதிரி ஃபைலைத் திறந்தாலும் சிவப்புப் பட்டை வரும். செட்டிங்ஸில் ‘எனேபிள் ஆல் மேக்ரோஸ்’ போட்டு அதைத் தாண்டப் பார்க்கிறவர்கள், கைக்கு வரும் கண்ட ஃபைலுக்கும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘அன்பிளாக்’ டிக் செய்தால் போதும்.