ரகூவைக் கெடுக்கும் தவறுகள்

இத்தாலியின் பொலோன்யா நகரத்து வீடுகளில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்து சேரும் கறிக்குழம்பு, ரகூ; பாஸ்தாவோடு புரட்டிச் சாப்பிடுவது. வெளியூர்க்காரர்கள் இதைச் செய்யும்போது நேரும் தவறுகளில் பாதிக்கு ஒரே காரணம்தான்: கறி போட்ட தக்காளிக் குழம்பு என்று நினைத்துக்கொள்வது.

இத்தாலியச் சமையல் அகாதமி 1982-ல் பொலோன்யா வணிக சபையில் ஒரு செய்முறையைப் பதிவு செய்து, 2023-ல் அதைத் திருத்தியது. திருத்திய அளவைப் பாருங்கள்: மாட்டுக் கொத்துக்கறி 400 கிராம், பன்செட்டா என்ற பன்றி வயிற்றுக்கறி 150 கிராம், அரைத்த தக்காளி வெறும் 200 கிராம். குழம்பு சிவப்பாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், பழுப்பாகத்தான் இருக்கும். பூண்டு, ஆரிகானோ போன்ற மூலிகை எதுவும் கிடையாது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி நிதானமாக வதக்கினாலே போதிய மணம் வரும்.

அடுத்தது அவசரம். கறியை மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, வதங்காமல் வெந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சலசலப்பு அடங்கி எண்ணெயில் பொரியும் சத்தம் வரும்வரை கிளறுங்கள். ஒயின் ஊற்றினால் அதன் புளிப்பு வாடை போன பிறகே தக்காளி. அப்புறம் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம். வற்றினால் சூடான கறிச்சாறு சேர்க்கலாம். குக்கரில் விசில் விட்டால் கறி வேகும், ஆனால் நீர் வற்றாது, குழம்பு கெட்டிப்படாது.

கடைசியில் பால் ஊற்றுவதைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். தக்காளியின் புளிப்பை அது தணிக்கும், அவ்வளவுதான். ஊற்றாத வீடுகளும் உண்டு. கோழி ஈரல் சேர்க்கும் வீடுகளும் உண்டு. அதையெல்லாம் தவறு என்று சொல்ல மாட்டேன்.

பாஸ்தாவில், நூல்போல் மெல்லிசான ஸ்பெகெட்டி மட்டும் வேண்டாம். கறித்துணுக்கு அதில் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். முட்டை சேர்த்துப் பிசைந்த மாவில் செய்யும் பட்டையான டாலியாடெல்லேதான் சரி. வெந்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். மேலே இருக்கும் மாவுப்பசை போனால் குழம்பு பிடிக்காது. தட்டில் போட்டு மேலே ஊற்றுவதும் வேண்டாம், சட்டியிலேயே குழம்போடு புரட்டி எடுங்கள்.

மிஞ்சினால் மறுநாள், பாஸ்தாத் தகடுகளை அடுக்கிச் சுடும் லசான்யாவுக்கு ஆகும்.