காளானுக்கு கொஞ்சம் வெயில் காட்டிட்டு சமைங்க

பட்டன் காளான் வாங்குறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். பாக்கெட்ட பிரிச்சதும் நேரா வாணலில போடாம, நறுக்கி ஒரு தட்டுல பரப்பி மதியம் 11லேர்ந்து 2 மணிக்குள்ள மொட்டமாடில ஒரு அரை மணி நேரம் வச்சு எடுங்க, ஏன்னா காளான்ல எர்கோஸ்டெரால்னு ஒண்ணு இருக்கு, அது மேல புற ஊதா கதிர் பட்டா வைட்டமின் டி2வா மாறிடும், நம்ம தோல் வெயில்ல செய்ற வேலை மாதிரியேதான். 100 கிராம் காளான்ல 10 மைக்ரோகிராம் கூட கிடைக்கலாம். ஆனா ஜன்னல் கண்ணாடிக்குள்ள வச்சா ஒண்ணும் நடக்காது, அந்த கதிர கண்ணாடியே தடுத்துடும். முட்டை மீன் சாப்பிடாதவங்களுக்கு இது நல்ல வழி.

மத்தபடி 100 கிராமுக்கு 22 கலோரிதான், பொட்டாசியம், செலினியம், பி2 எல்லாம் இருக்கு. புரோட்டீன்ல கறிக்கு சமம்னு வாட்ஸ்அப்ல சுத்துறது ஓவர், வெறும் 3 கிராம்தாங்க, மீதி முக்கால்வாசிக்கு மேல தண்ணி. அதனாலதான் மூடி போட்டு வதக்குனா கொழகொழனு ஆயிடுது, தீய கூட்டி வச்சு தெறந்தே வதக்குங்க.

மழைக்கு முளைக்கிற காட்டுக் காளான மட்டும் தெரியாம பறிக்காதீங்க. விஷமானு கண்டுபிடிக்க வெள்ளிக்காசு போட்டு கறுக்குதானு பாக்குறதெல்லாம் சும்மா, சில காளானோட விஷம் கொதிக்க வச்சாலும் போகாது.