சின்னப் பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பயணம்: திட்டம் போடும்போதே செய்யும் தவறுகள்

எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் போட்டிருந்த அட்டவணையை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஏழு நாள், மூன்று ஊர், நாளுக்கு நான்கு இடம். மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. மூன்றாம் நாள் மதியம் ஓர் அருங்காட்சியக வாசலில், ஆளுக்கொரு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, உள்ளே போவதா திரும்புவதா என்று நானும் மனைவியும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று உள்ளே போனோம். அன்றைக்குச் செய்த இரண்டாவது தவறு அது. முதல் தவறு நடந்தது பல வாரங்களுக்கு முன்பு, வீட்டில் உட்கார்ந்து அட்டவணை போட்டபோது.

நாளைத் தப்பாக எண்ணுவது

ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயது என்றால் 10 முதல் 13 மணி நேரம். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். காலையில் எழுப்பி, சாப்பிட வைத்து, உடை மாற்றி, வாசலைத் தாண்டியபின் கழிப்பறைக்காக ஒரு தடவை திரும்பி வந்து, ஒரு வழியாகக் கிளம்பும்போது மணி பத்தாகியிருக்கும். ஒரு மணிக்குப் பகல் தூக்கம். மூன்றரைக்கு எழுந்தால் ஆறரை வரைதான் நல்ல மூடில் இருக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு துண்டுகள். போக்குவரத்தைக் கழித்தால் அதுவும் சுருங்கும்.

அப்புறம் நாட்கள். ஏழு நாளில் போகும் நாளும் வரும் நாளும் போய்விடும். இறங்கிய மறுநாள் அரை உசிர். ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, புது அறை கிடைக்கும்வரை வரவேற்பறையில் காத்திருப்பதிலேயே ஒரு நாள் கரையும். மூன்று ஊர் என்று நான் போட்ட திட்டத்தில் உண்மையில் மிஞ்சியது இரண்டு நாள். இப்போதெல்லாம் ஒரு வாரம் என்றால் ஒரே ஊர். பத்து நாளுக்கு மேல் இருந்தால்தான் இரண்டாவது ஊரைப் பற்றிப் பேச்சே எடுப்போம். நாளுக்கு ஓர் இடம், அதுவும் காலைத் துண்டில். மதியத்துக்குப் பிறகு பூங்கா, கடற்கரை, இல்லையென்றால் ஹோட்டல் நீச்சல் குளம். இதைச் சொன்னால், "இவ்வளவு செலவு பண்ணிப் போய் இவ்வளவுதானா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் பிள்ளை இல்லாதவர்கள்தான் கேட்பார்கள்.

"ராத்திரி விமானம்தானே, தூங்கிடும்"

எட்டு மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு ஒன்பது மணி விமானம் சரி. இரண்டரை மணி விமானம் சரியில்லை. பதினொரு மணிக்குத் தூக்கத்தைக் கலைத்துக் காரில் ஏற்றி, வெளிச்சமும் சத்தமும் நிறைந்த விமான நிலையத்தில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்த பிறகு, இருக்கையில் அமர்ந்ததும் தூங்கும் என்று நம்புவது நம் ஆசை. கொஞ்சம் கூடுதல் விலையானாலும் வேறு நேரம் பார்க்கலாம்.

இடையில் விமானம் மாற ஒரு மணி நேரம் மட்டும் இருக்கும் டிக்கெட்டும் வேண்டாம். தள்ளுவண்டியை விமான வாசலில் கொடுத்தால் சில இடங்களில் வாசலிலேயே திருப்பித் தருவார்கள், சில இடங்களில் பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வரும். எங்கே வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டயப்பர் மாற்ற, கால் நீட்டி ஓட, வாய்க்கு ஏதாவது கொடுக்க இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி வசதியாக இருக்கும்.

இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் போல வாங்குவார்கள். பயணத்தின் நடுவில் பிள்ளைக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தால்தான் சிக்கல்: திரும்பி வரும்போது தனி இருக்கை வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் விதி. சுவரில் மாட்டும் தொட்டில் சில இருக்கைகளுக்கு முன்னால் மட்டும்தான் இருக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுத்த கையோடு அதைக் கேட்டுப் பதிந்துவிட வேண்டும். விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதுவலி இறங்கும்போதுதான் அதிகம். தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் கீழே வர ஆரம்பித்துவிடும். தாய்ப்பாலோ பாட்டிலோ அந்த நேரத்தில் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காதுக்குள் அழுத்தம் சமமாகும். முன்கூட்டியே எல்லாவற்றையும் குடிக்கக் கொடுத்துவிட்டு இறங்கும்போது கையை விரிப்பது எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். இன்னொன்று: தூங்க வைப்பதற்காகச் சளி, அலர்ஜி சிரப் கொடுப்பது. சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து, இரவு முழுக்கத் துள்ள வைக்கும். சிறு குழந்தைகளுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

நேர வித்தியாசத்தை மறப்பது

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்றுதான் பார்க்கிறோம். கடிகாரம் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதில்லை. வடக்கு தெற்காகப் பறந்தால் எட்டு மணி நேரம் போனாலும் உடம்பின் கடிகாரம் அப்படியே இருக்கும், களைப்பு மட்டும்தான். கிழக்கு மேற்காகப் போனால்தான் ஜெட் லாக், அதிலும் கிழக்கே போவது கஷ்டம். உடம்பு தோராயமாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளும். ஆறு மணி நேர வித்தியாசத்தில் ஐந்து நாள் சுற்றுலா போனால், பிள்ளை பழகும் நாளில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு மூன்று மணி நேர வித்தியாசமும் சில நாள் பயணமும் என்றால் மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டு நேரப்படியே தூங்கட்டும், எழட்டும். அதற்கு மேல் என்றால் முதல் இரண்டு நாளைக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள். மேற்கே போயிருந்தால் விடிகாலை மூன்று மணிக்கு விழித்து விளையாடக் கூப்பிடுவார்கள். அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. விளக்கை மங்கலாக வைத்து, சத்தமில்லாத பொம்மை ஒன்றைக் கொடுங்கள். கிழக்கே போயிருந்தால் ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும். காலையில் எழுப்பி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நடத்தினால் உடம்பு சீக்கிரம் பழகும். எந்தப் பக்கம் போனாலும் மதியத் தூக்கத்தை நான்கு மணி நேரம் நீள விடக்கூடாது. அன்று நமக்கும் தூக்கம் சொக்குவதால், விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஒரே அறை

ஒரே அறையில் எட்டு மணிக்குப் பிள்ளைகள் தூங்கினால், நீங்களும் எட்டு மணிக்கு இருட்டில். நாங்கள் இரண்டு பேரும் குளியலறைத் தரையில் உட்கார்ந்து இரவு உணவு சாப்பிட்டிருக்கிறோம். நடுவில் ஒரு கதவு, அதுதான் முதலில் தேட வேண்டிய வசதி. பிறகு சின்ன சமையல் மேடை, துணி துவைக்கும் இயந்திரம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊருக்கு வெளியே தங்கினால் மதியத் தூக்கத்துக்கு அறைக்குத் திரும்ப முடியாது. என் கணக்கில் எல்லா வசதிகளையும்விட இருக்கும் இடம்தான் முக்கியம். உள்ளே நுழைந்ததும் பால்கனிக் கம்பி இடைவெளி, ஜன்னல் தாழ்ப்பாள், குளத்துக்குப் போகும் கதவு, மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெட்டியைப் பிறகு பிரிக்கலாம்.

பெட்டி, மருந்து, காகிதம்

டயப்பர் போகும் ஊரிலும் கிடைக்கும். இரண்டு நாளைக்கு மட்டும் போதும். மருந்தை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்: பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவு எழுதிய காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வழக்கமாகக் கொடுப்பவை. அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் இருக்கட்டும். சாதாரணச் சளி மருந்தில் இருக்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. இருமல், வலி மருந்துகள் சிலவற்றில் சேர்க்கும் கோடீன் கலந்த மருந்துக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. கைப்பையில் பிள்ளைக்கு மாற்றுடை எல்லாரும் வைப்பார்கள். உங்களுக்கும் ஒரு சட்டை வையுங்கள், வாந்தி எடுப்பது பெரும்பாலும் நம் மேல்தான்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் ஐந்து வருடத்துக்குத்தான் தருவதால், நமக்கு முன்பே அது காலாவதியாகிவிடும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். தடுப்பூசிக்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரையுள்ள குழந்தை வெளிநாடு போகும்போது, தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே ஒரு தவணை போடச் சொல்வது உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கும் நாடு என்றால், போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். வழக்கமாக ஒன்பது மாதத்துக்கு முன் அந்த ஊசியைப் போடுவதுமில்லை.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகும் கார் யார் கண்ணிலும் படாத விஷயம். கைக்குழந்தையை மடியில் வைத்தபடி நெடுஞ்சாலையில் போவது விமானத்தைவிட அபாயம். குழந்தை இருக்கையோடு வண்டி கிடைக்குமா என்று முன்பே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

நால்வரும் எப்போதும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும் என்று நினைத்ததும் எங்கள் பழைய தவறுதான். இரண்டு வருடம் கழித்து அதே ஊருக்குப் போனோம். நான் காலை ஒன்பது மணிக்கு அந்த அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போய் ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். பதினோரு மணிக்கு மனைவி உள்ளே போக, நான் எதிர்ப் பூங்காவில் ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைக்கவே இல்லை.