அட்டையும் அன்னமும்: பழைய நூல்களில் நாம் சறுக்கும் இடங்கள்

மழை நாளில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து கால்விரல் இடுக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார், அட்டை சுருண்டு விழும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் சுசுருத சங்கிதை என்ற பழைய சமஸ்கிருத வைத்திய நூலில், ரத்தம் உறிஞ்ச அட்டை வைப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருப்பதைப் பார்த்தபோது விடாமல் படித்தேன். அட்டை கடித்துவிட்டதா என்று எப்படி அறிவது? வாயைக் குதிரைக் குளம்பு போல வைத்துக்கொண்டு கழுத்தை உயர்த்தினால் பிடித்துவிட்டது என்கிறது. விட மறுத்தால் வாயில் இந்துப்புத் தூளைத் தூவச் சொல்கிறது. பக்கத்தில் குனிந்து பார்த்தவர் எழுதியதுதான் இது, சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் துள்ளிக் குதித்து, 'அட்டை எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடினை அன்றே நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். இல்லை. அட்டையிடம் அப்படியொரு சரக்கு இருக்கிறது என்று 1884இல் காட்டியவர் ஜான் ஹேகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர். அட்டையை வைத்து வைத்தியம் பார்ப்பது ஒன்று, அதன் எச்சிலில் இருப்பது என்னவென்று பிரித்துக் காட்டுவது வேறொன்று. முதலாவதே பெரிய விஷயம்தான், அதற்கு இல்லாத பட்டத்தைக் கட்டிவிடத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. அதே அத்தியாயம், அட்டையில் பன்னிரண்டு வகை, ஆறு நஞ்சுள்ளவை, அவை மீனும் தவளையும் அழுகிய நீரில் பிறக்கின்றன என்கிறது. அழுகலிலிருந்து அட்டை பிறக்காது. இந்த ஒரு வரியைக் காட்டி 'எல்லாம் கட்டுக்கதை' என்று நூலையே மூடிவிடுகிறவர்களுக்கு அந்தக் குதிரைக் குளம்பு கண்ணில் படாமலே போய்விடும். புத்தகத்துக்கு மொத்தமாக மார்க் போடாதீர்கள், வரி வரியாகப் பாருங்கள்.

அப்புறம், நூலில் வருவது குளத்து அட்டை. நம் மலையில் புல் நுனியில் நின்று ஆடுவது தரையட்டை. 'கெட்ட ரத்தம்தானே, குடித்துவிட்டுப் போகட்டும்' என்று பக்கத்து லயத்து மாமா விட்டுவிட்டு, பிறகு சொறிந்து புண்ணாக்கி ஒரு வாரம் நொண்டினார்.

அந்தக் கெட்ட ரத்தக் கதைக்கும் ஊற்று இருக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு பழைய வைத்திய நூல், பால் கலந்த நீரில் அன்னம் பாலை மட்டும் எடுப்பது போல அட்டை முதலில் கெட்ட ரத்தத்தையே குடிக்கும் என்கிறது. எந்தப் பறவையாலும் நீரிலிருந்து பாலைப் பிரிக்க முடியாது, அட்டைக்கும் நல்லது கெட்டது தெரியாது. நாலடியாரிலும் நீர் ஒழியப் பால் உண்ணும் குருகு வருகிறது, ஆனால் அங்கே அது எதைத் தேர்ந்து படிப்பது என்பதற்கு உவமை, அதோடு சரி. வைத்திய நூலில் அதே உவமை கிட்டத்தட்ட சாட்சியாகவே நிற்கிறது. எனக்குப் பிடித்த தவறு இதுதான், ஏனென்றால் இதைச் செய்தது வாசகர் இல்லை, எழுதியவரே.

சோதிடர் வராகமிகிரரின் பிருகத் சங்கிதை என்ற நூலையும் இப்படித்தான் படிக்க வேண்டும். எறும்புகள் தொந்தரவு எதுவுமின்றி முட்டையை இடம் மாற்றினால் மழை என்று ஓரிடத்தில் எழுதியவர், இன்னோரிடத்தில் பாம்பிலும் முத்து கிடைக்கும் என்கிறார். முதலாவதை நீங்களே உட்கார்ந்து பார்த்துச் சோதிக்கலாம். இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, நூல் எந்த ஊரில் பிறந்தது என்பதை மறப்பது. மழைத்துளியை மட்டுமே குடிக்கும் என்று சமஸ்கிருதக் கவிஞர்கள் பாடிய சாதகப் பறவையை நம் சுடலைக்குயில் என்று அடையாளம் காண்கிறார்கள். துளிக் கதை பொய்தான், ஆனாலும் வட இந்தியாவுக்கு அது தென்மேற்குப் பருவமழையோடு வந்து சேர்வது உண்மை, அங்கே அதைப் பார்த்து வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இலங்கையின் வறண்ட பகுதிகளிலோ அது ஆண்டு முழுவதும் குடியிருக்கிறது. மலையின் மேற்குச் சரிவில் மே மாதம் மழை பிடிக்கும், கிழக்கே ஊவாப் பக்கம் டிசம்பரில் கொட்டும். இதில் எந்த மழைக்கு அந்தக் குயில் கட்டியம் கூறும்?