பருப்பை விட்டும் யூரிக் ஆசிட் இறங்கவில்லையா? கவுட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

நடுராத்திரியில் கால் பெருவிரல் நெருப்பாய் எரிய, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலியோடு எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு கவுட் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் வலி அது. மறுநாள் காலையிலேயே வீட்டில் ஆரம்பித்துவிடும்: பருப்பு கூடாது, கீரை கூடாது, தக்காளியைக் கண்ணால்கூடப் பார்க்காதே. என் அப்பா இப்படி மூன்று வருடம் சாம்பார் இல்லாமல் சாப்பிட்டார், யூரிக் ஆசிட் 9-க்குக் கீழே (ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மில்லிகிராம் கணக்கில்) வரவே இல்லை. "எனக்கு வாயைக் கட்டத் தெரியல" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. இத்தனைக்கும் கோளாறு அவர் வாயில் இல்லை, சிறுநீரகத்தில் இருந்தது.

முதல் தவறு அதுதான், எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேல் போடுவது. நம் உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் பெரும்பங்கு நம் செல்களிலிருந்தே வருகிறது, சாப்பாட்டிலிருந்து வருவது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலான விலங்குகளிடம் அதை உடைத்துக் கரைக்கும் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது, மனிதக் குரங்குகளும் நாமும் அதைப் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே இழந்துவிட்டோம். அதனால் எல்லாவற்றையும் வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில், மீதி குடல் வழியாக. ஆனால் சிறுநீரகம் வடிகட்டியதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் முக்கியமானது யூராட்1, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தது. இன்னொன்று குளுட்9. சர்க்கரையைக் கடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பெயர் வைத்தார்கள், அது யூரிக் அமிலத்தையும் கடத்துகிறது என்பது 2008-ல்தான் தெளிவானது. மூன்றாவது ஏபிசிஜி2, இது அதற்கு மாறாக, குடலிலும் சிறுநீரகத்திலும் வெளியே தள்ளுகிற பம்பு. இந்தப் புரதத்தில் 141-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் பிறந்தவர்களுக்கு பம்பின் வேலை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அவர்கள் பட்டினி கிடந்தாலும் பம்பு பாதிதானே ஓடும்?

2018-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வாழும் ஐரோப்பிய வம்சாவளியினர் 16,000-க்கும் அதிகமானவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. ஆளுக்கு ஆள் யூரிக் அமில அளவு மாறுவதில், எந்த ஓர் உணவும் ஒரு சதவீத வித்தியாசத்தைக்கூட விளக்கவில்லை, மரபணுக்கள் சுமார் 24 சதவீதத்தை விளக்கின. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் கவுட் மிக அதிகம், அவர்களுக்கு யூரிக் அமிலத்தைக் குறைவாக வெளியேற்றும் மரபணு வகைகள் பரவலாக உண்டு. ஆனாலும் குடியும் தீனியும்தான் காரணம் என்ற பேச்சையே பல காலம் கேட்டார்கள், அந்த வெட்கத்திலேயே டாக்டரிடம் போகத் தயங்கினார்கள்.

சரி, அப்போது இஷ்டம்போல் சாப்பிடலாமா என்றால், அது அடுத்த தவறு. மரபணு ஏற்கெனவே அளவை ஏற்றி வைத்திருக்கிற ஒருவருக்கு பீரும் ஈரலும் குளிர்பானமும் ஒரு கவுட் அட்டாக்கைத் தூண்டிவிடப் போதும். ஆனால் பருப்பையும் கீரையையும் ஒதுக்க வேண்டியதில்லை. 47,000 அமெரிக்க ஆண்களை 12 வருடம் கவனித்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் இறைச்சியும் மீனும்தான் அபாயத்தைக் கூட்டின, பியூரின் (உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) உள்ள காய்கறிகள் கூட்டவில்லை, பால் பொருட்கள் குறைக்கவே செய்தன.

வலி உச்சத்தில் இருக்கும்போது டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, 'நார்மல்' என்று வந்ததும் கவுட் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. அட்டாக் சமயத்தில் அளவு தற்காலிகமாக இறங்குவது சாதாரணம், இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இதற்கு நேரெதிரான தவறும் நம் ஊரில் நிறைய நடக்கிறது. முழங்கால் வலிக்கு டெஸ்ட் எடுத்து 7.5 என்று வந்ததும் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். அளவு கூடியவர்களில் பெரும்பாலானோருக்கு கவுட் வருவதே இல்லை, படிகம் உருவாகி, அதை நம் எதிர்ப்பு சக்தி தாக்கினால்தான் வலி.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. தயசைடு வகை நீர் மாத்திரைகளும் குறைந்த டோஸ் ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை ஏற்றும், லோசார்டன் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை யூராட்1-ஐ ஓரளவு தடுத்து இறக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

நான் பார்த்ததில் அதிகம் பேர் சறுக்குவது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையான அலோபுரினாலில்தான். ஆரம்பித்த சில வாரங்களில் அட்டாக் வரும், பழைய படிகங்கள் கரையும்போது அப்படித்தான். "மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது" என்று அப்பாவும் தூக்கிப் போட்டார். அதைச் சிறிய டோஸில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும், முதல் 3 முதல் 6 மாதம் கூடவே அட்டாக் வராமல் தடுக்க கோல்ச்சிசின் போன்ற ஒரு மருந்தைக் கொடுப்பார்கள். இலக்கு 6-க்குக் கீழே, ஏனென்றால் சுமார் 6.8-க்கு மேல் போனால்தான் படிகம் கட்ட ஆரம்பிக்கிறது. அந்த அளவு வந்ததும் நிறுத்திவிட்டால் மறுபடி ஏறும், மரபணு மாறிவிடவில்லையே. அப்பாவுக்கு இரண்டாவது முறை இதையெல்லாம் பொறுமையாக விளக்கிய ஒரு டாக்டர் கிடைத்தார், ஒரு வருடத்தில் 5.6-க்கு வந்தது.

ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடத்தும் புரதங்களின் மரபணுவைப் பார்க்க அவசியமில்லை, சிகிச்சை மாறப்போவதில்லை. விதிவிலக்கு எச்எல்ஏ-பி 58:01 என்ற வேறொரு மரபணு வகை. ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து மக்களிடம் அதிகம் காணப்படும் இது இருப்பவர்களுக்கு அலோபுரினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம், அதனால் அவர்களுக்கு முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறார்கள். நீங்கள் யாராக இருந்தாலும், இந்த மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் தோலில் தடிப்போ, காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.