ஃபோம் ரோலர்: உருட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

குந்தி உட்காரும்போது உங்கள் குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா? கெண்டைச்சதை இறுகிப்போயிருப்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். ஃபோம் ரோலரை, அதாவது சதைக்கு அடியில் வைத்து உருட்டும் கெட்டியான நுரை உருளையை, முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களை நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். பலன் உண்டா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

படி 1: அளவு

சுவரைப் பார்த்து நின்று ஒரு காலை முன்னே வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட்டுவிட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடியும் செய்யுங்கள். குதிகால் எழும்பாமல் தொட முடிகிற கடைசி இடத்தில், கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

படி 2: உருட்டல்

கால் நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே ரோலரை வையுங்கள். கைகளைப் பின்னால் ஊன்றி இடுப்பை லேசாகத் தூக்கி, முழங்கால் குழிக்குக் கீழே வரை மெதுவாக உருட்டுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். அவசரமாக உருட்டினால் எந்த இடம் இறுகியிருக்கிறது என்பதே பிடிபடாது. சுருக்கென்று ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கேயே 20 நொடி நின்று, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டினால் இடுப்பைத் தரையில் இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். ஒரு காலுக்கு 1 முதல் 2 நிமிடம்.

படி 3: மறுபடி அளவு

ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தாலே நல்ல பலன். மறுகாலை உருட்டுவதற்கு முன் அதையும் அளந்து பாருங்கள், அதுவும் சற்று இளகியிருக்கலாம். ஒரு காலை மட்டும் உருட்டிய ஆய்வுகளில் மறுகாலும் கூடுதலாக மடங்கியிருக்கிறது. சதை நீண்டுவிட்டது, முடிச்சு உடைந்துவிட்டது என்ற பேச்செல்லாம் பொருந்தாது என்பதற்கு இதுவே சாட்சி. இழுவையை நரம்பு மண்டலம் முன்பைவிடக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது, பெரும்பங்கு அதுதான்.

படி 4: உடனே பயன்படுத்துங்கள்

இந்த இளக்கம் 10 நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம்தான் நிற்கும். எழுந்ததும் பத்துப் பதினைந்து முறை நிதானமாகக் குந்தி எழுங்கள். மூட்டு புதிதாகக் கிடைத்த அளவில் பாரத்தோடு இயங்க வேண்டும். அசையாமல் நெடுநேரம் நீட்டிப் பிடித்தால் சதையின் வலு சற்றுக் குறையும். உருட்டலில் அந்தக் குறை இல்லாததால் உடற்பயிற்சிக்கு முன்பே செய்யலாம். நிலையான மாற்றத்துக்குச் சில வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

எலும்பு, மூட்டு, கீழ்முதுகு இவற்றின் மேல் உருட்ட வேண்டாம். சுருள் நரம்பு, ரத்தக்குழாயில் ரத்த உறைவு, எலும்பு முறிவு, எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று. சுவரைத் தொடும்போது பின்னால் கெண்டைச்சதை இழுத்தால் ரோலர் உதவும். கணுக்காலின் முன்பக்கம் இடிப்பதுபோல் வலித்தால் சிக்கல் மூட்டில் இருக்கலாம். எவ்வளவு உருட்டினாலும் அது சரியாகாது, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.