தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்: சைட் கழிவுநீருக்கு என் கைமுறை

திருநெல்வேலியில் பாளையங்கால் வாய்க்காலை ஒட்டிய ஒரு பெரிய அடுக்குமாடி சைட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. கான்கிரீட் பம்பைக் கழுவிய தண்ணீரை ஒரு குழியில் விட்டோம். மறுநாள் அது கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. சரி, சுத்தமாகிவிட்டது என்று மோட்டார் போட்டு வாய்க்காலுக்கு இறைத்துவிட்டேன். மதியத்துக்குள் மீன்குஞ்சுகள் மிதந்தன. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த பெரியவர், "ஏ தம்பி, எங்க வாய்க்கா என்ன ஒங்க சட்டி கழுவுற எடமா?" என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை.

சிமெண்டிலிருந்து தண்ணீரில் கரைவது சுண்ணாம்பு. கரைந்தது கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 என்றால் இரண்டுமில்லை) 12-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ஆற்றிலோ ஓடையிலோ விடும் தண்ணீருக்கு விதி 5.5 முதல் 9 வரை. தண்ணீரில் கலங்கி நிற்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதனால் முதல் செலவு பி.எச். தாள். கொத்தனார் கையில் ரசமட்டம் மாதிரி உங்கள் சட்டைப் பையில் அது இருக்கட்டும்.

அப்புறம், தண்ணீரைப் பிரித்து வையுங்கள். அஸ்திவாரக் குழியின் சேற்றுத் தண்ணீர் வேறு, சிமெண்ட் தண்ணீர் வேறு. தொழிலாளர் கொட்டகையின் கக்கூஸ் தண்ணீர் நேராக செப்டிக் டேங்குக்கு; அதை இந்தப் பக்கமே விடாதீர்கள்.

சிமெண்ட் தண்ணீருக்கு ஹாலோ பிளாக்கில் மூன்று அறைத் தொட்டி கட்டி, உள்ளே பூசிவிடுங்கள். மண் குழி என்றால் அடியில் கனமான தார்ப்பாய். முதல் அறையில் ஜல்லியும் மணலும் தங்கும். ஜேசிபி கை எட்டும்படி அதை ஓரமாக வையுங்கள். தண்ணீர் சுவரின் மேல் வழிந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும். கான்கிரீட் வண்டி டிரைவர்களிடம் ஒரே பேச்சு: சூட் (கலவை வழிந்து இறங்கும் சரிவுத் தகடு) கழுவுவது இங்கேதான்.

மூன்றாம் அறையில்தான் பி.எச். இறக்க வேண்டும். நான் விரும்புவது கரியமில வாயு, சோடா கம்பெனிக்காரர்கள் வாங்கும் அதே சிலிண்டர். ஓட்டை போட்ட குழாயை அடியில் போட்டு மெதுவாக விட்டால், தண்ணீர் முதலில் பால் மாதிரி வெளுக்கும். சுண்ணாம்பு படிவாக இறங்குகிறது என்று அர்த்தம். 8-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி தெளிய விடுங்கள். திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். வாயு பள்ளத்தில் தேங்கினால் இறங்குகிற ஆளுக்கு மூச்சு முட்டும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மலிவுதான், ஆனால் கொஞ்சம் கூடினாலும் பி.எச். ஒரேயடியாக விழும். இன்னொன்றும் உண்டு. 12-ல் இருக்கும் தண்ணீரை அதனால் இறக்கினால் லிட்டருக்கு சுமார் 350 மில்லிகிராம் குளோரைடு ஏறிவிடும். ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) கலவைத் தண்ணீருக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 தரும் வரம்பே 500. அந்தத் தண்ணீரை மறுபடி கலவைக்கு எடுத்தால், கம்பி துருப்பிடிக்கும் வழியை நாமே திறந்துவிட்ட மாதிரி.

சேற்றுத் தண்ணீருக்குப் படிகாரம். மணல் தானே படியும். கயத்தாறு பக்கத்துக் கரிசல் நாள்கணக்கில் கலங்கியே கிடக்கும். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டரில் கரையுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் மூன்றில் சேற்றுத் தண்ணீர் பிடித்து, முறையே 5, 10, 15 மில்லி ஊற்றி, வேகமாக ஒரு குலுக்கு, பிறகு மெதுவாகச் சுழற்றி அரைமணி வையுங்கள். 10 மில்லி பாட்டில் தெளிந்தால் ஆயிரம் லிட்டருக்கு 100 கிராம் போதும். சிமெண்ட் தண்ணீர் கலந்திருந்தால் பி.எச். சரிசெய்த பிறகே படிகாரம். நான் முன்னால் போட்டு ஒரு மூட்டை வீணாக்கினேன். அவ்வளவு காரத்தில் அது திரளாமல் கரைந்தே போகும்.

தேறிய தண்ணீரை டயர் கழுவ, புழுதி அடக்க, மறுபடி பம்ப் கழுவப் பயன்படுத்துங்கள். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு எங்கள் சைட்டில் வெளியே விட மிச்சமே இருந்ததில்லை.

ஐப்பசி பிறக்குமுன் தொட்டியைக் காலி செய்து, சுற்றி வரப்பு போட்டு, பிறகு நிரப்பும்போதும் மேலே ஒரு அடி வெற்றிடம் விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை மாதிரி வந்தால் எந்த வரப்பும் நிற்காது. அன்றைக்குத் தொட்டியில் காரத் தண்ணீர் இல்லாதிருப்பதே பாதுகாப்பு. அடியில் படிந்த சகதியைத் தார்ப்பாயில் காயவைத்தால் கல்லாக இறுகும். உடைத்து, வாட்ச்மேன் ஷெட்டுக்குத் தரையடியில் போட்டோம்.